மீன்கொத்தியின் பின்பக்கம்

என் மனைவிக்கு அவள் தோழிகள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். சனிக்கிழமை மதியங்களில் நூலகத்து மாடி அறையில் கூடி, துணியில் கட்டம் கட்டமாக கிராஸ் தையல் போடுகிற கூட்டம் அது. யாராவது ஆசை ஆசையாக ஒரு ரோஜாப்பூவை முடித்துக்கொண்டு வந்து நீட்டினால் மற்றவர்கள் "அடடா" என்பார்கள். இவள் துணியை வாங்கியதும் கவிழ்த்துப்போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். அங்கே முடிச்சு இருக்கக் கூடாது. ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு நூலை இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாது. நூல்முனைகள் தையலுக்கு அடியில் சொருகிக் காணாமல் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கொண்டுவந்தவள் முகம் தொங்கிப்போய்த்தான் வீடு திரும்புவாள்.

"பின்னாடி யாரு பாக்கப் போறா?" என்று ஒருமுறை கேட்டுவைத்தேன்.

"நான் பாக்கறேனே, போதாதா?" என்றாள். அதற்குமேல் வாய் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

போன மழைக்காலத்தில், பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலியோடு சரிந்தாள். பக்கவாதம். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது, என்னைத் திட்டுகிற அளவுக்குத் திரும்பிவிட்டது. வலது கைதான் வரவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அம்மா, "ஊசியை எடுங்க. விட்டுட்டீங்கன்னா விரல் இப்படியே நின்னுடும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

எடுத்தாள். ஒரு மீன்கொத்திப் படத்தை வால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஊசி நழுவும், நூல் சிக்கும், மறுபடி குத்துவாள். முன்பக்கம் எப்படியோ கட்டத்துக்குக் கட்டம் சரியாகத்தான் வந்தது. சாயங்காலம் துணியைத் திருப்புவாள். பின்பக்கம் பூனை விளையாடிய நூல்கண்டு. உடனே சின்னக் கத்திரியை எடுத்து மொத்தத்தையும் வெட்டிப் பிரித்துவிடுவாள். மறுநாள் மறுபடி வால். பாவம், அந்தப் பறவைக்கு உடம்பு என்று ஒன்று வளரவே இல்லை.

ஒருநாள் பிரித்து முடித்துவிட்டு, "இனிமே தொடமாட்டேங்க" என்றாள். அந்தக் கை நின்றுபோனால் இவள் மனசும் கூடவே நின்றுபோகும் என்று பயந்தேன். யோசிக்காமல் கத்திரியைக் கொண்டுபோய் நான் ஓட்டும் பேருந்தின் முதலுதவிப் பெட்டியில் போட்டுவிட்டு, "காணோம்மா, கடையிலயும் இல்லையாம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். காய் நறுக்கும் கத்தியைத் துணிமேல் வைக்கிற ஆள் இல்லை அவள். இரண்டு நாள் முறைத்தாள். மூன்றாம் நாள் ஊசியை எடுத்தாள். பிரிக்க வழியில்லாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்து. பின்பக்கம் என் கண்ணில் படாமல் துணியை மடியில் அழுத்தி வைத்துக்கொள்வாள்.

கோடை வந்தபோது மீன்கொத்தியின் அலகு முடிந்தது.

"கத்திரியைக் கொண்டாங்க" என்றாள்.

"அதான் காணோம்னு..."

"பஸ்லதான இருக்கு? உங்க கண்டக்டர் எப்பவோ சொல்லிட்டார். எடுத்துட்டு வாங்க."

துரோகி கண்டக்டர்! மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து துணியைக் கவிழ்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் பக்கத்திலேயே நின்றேன்.

அவள் வெட்டவில்லை. வால் பக்கத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். "இங்க பாருங்க, முடிச்சு மேல முடிச்சு. இங்கல்லாம் எனக்குக் கட்டைவிரலே இல்லைங்க." வயிற்றுப் பக்கம் வந்தாள். "இங்க வந்துடுச்சு. ஆனா பயந்து பயந்து போட்டிருக்கேன்." கழுத்தில் முடிச்சுகள் குறைந்திருந்தன. அலகுக்குப் பின்னால் ஒரு முனைகூட வெளியே தெரியவில்லை, வரிசை வரிசையாக நேர்கோடுகள். அங்கே விரல் நின்றது.

"இது நான்தாங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கு பிசியோதெரபி அம்மா வந்ததும் இதைக் காட்டணும்" என்றாள்.

"காட்டேன். பறவை அழகாத்தான் வந்திருக்கு."

"பறவையை யாருங்க காட்டப் போறா?" என்று சொல்லி, துணியைக் கவிழ்த்தபடியே மேஜைமேல் வைத்தாள்.