வரிசையில் ஆறாவது இடம்

சுடர்விழிக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உண்டு. அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் சரியாக இருந்ததுதான் மற்றவர்களுக்குச் சங்கடம். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வலங்கைமானுக்குப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். வகுப்பில் சொந்தமாகக் கேமரா இல்லாதவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் ஒருத்தியாக இருந்துகொண்டு, கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு எப்படிப் படம் எடுப்பது என்று சொல்லித் தருகிறவளும் அவள்தான்.

பருவத்துக்கு நான்கு ப்ராஜெக்ட். முதலாவது, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பொருள். மற்றவர்கள் வாட்ச், வாசனைப் புட்டி என்று தேடிப் போனார்கள். இவள் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்தாள். படத்தைப் பார்த்தவர்கள் அதன் விலை என்ன என்று கேட்டார்கள். இரண்டாவது, வேகம். பஸ் நிலையத்தில் எல்லோரும் ஓடுகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். இவளுடைய பஸ் நாற்பது நிமிடமாகக் கிளம்பவில்லை. ஆகவே அசையாத பஸ்ஸையும் அதைச் சுற்றி அலைந்து கலங்கித் தெரிந்த ஜனங்களையும் எடுத்து வைத்தாள். வகுப்பில் அதுதான் முதல்.

மூன்றாவது, திருத்தம். வகுப்பாசிரியர் வசந்தகுமாருக்கு இதில் ஒரே கொள்கை: திருத்தியது தெரியக் கூடாது. சுடர்விழி ஒரு கோபுரத்தின் படத்திலிருந்து மூன்று கேபிள் வயர்கள், ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ், ஒரு ஆடு ஆகியவற்றை எடுத்துவிட்டாள். சார் பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆடு நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டார். "பாவம்டி அந்த ஆடு, எங்க போச்சோ" என்றாள் பக்கத்து இருக்கை நஃபீசா. எடுக்கவும் வைக்கவும் தன் கைக்குத் தெரியும் என்ற எண்ணம் அன்றிலிருந்து சுடர்விழிக்கு உறுதிப்பட்டது.

நான்காவதுதான் பெரியது. தலைப்பு, வேலை செய்யும் மனிதர்கள். ஒரே ஒரு படம், மூன்றடி அகலத்துக்கு அச்சிட்டு வெள்ளிக்கிழமை தாழ்வாரத்தில் மாட்ட வேண்டும், வெளியிலிருந்து தேர்வாளர் வருவார், ஐம்பது மதிப்பெண். கூடவே ஒரு விதி. படத்தில் இருப்பவர்கள் அனைவரும் படத்தைப் பார்த்துவிட்டு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத படம் சுவருக்குப் போகாது. சுவருக்குப் போகாத படத்துக்கு மதிப்பெண் இல்லை. அப்படியென்றால் அரியர். திருச்சியில் ஒரு விளம்பர ஸ்டூடியோ டிசம்பரில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. அரியர் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. சுடர்விழியோ அங்கே எந்த நாற்காலியில் உட்காருவது என்பதுவரை முடிவு செய்திருந்தாள்.

ஆட்களுக்கு அவள் வெளியே தேடிப் போகவில்லை. அவள் அம்மா மலர்கொடி பதினொரு பெண்கள் கொண்ட நடவு செட்டுக்குத் தலைவி. நடவு மெஷின் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் மூலை முடுக்கான வயலிலும் கால் புதையும் உளையிலும் மெஷின் இறங்காது. மெஷின் மாட்டிக்கொள்ளும் இடமெல்லாம் மலர்கொடியின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் ஒரு சட்டம் மட்டும் மாறாதது: மகள் சேற்றில் கால் வைக்கக் கூடாது. இருபது வயதுவரை சுடர்விழி வரப்போடு சரி.

சனிக்கிழமை காலை துறையின் கேமராவோடு கோவிந்தராசுவின் வயலுக்குப் போனாள். போன பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. நடவு ஆட்கள் குனிந்தபடி பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறவர்கள். முன்னால் நின்று எடுத்தால் உச்சந்தலை, பின்னால் நின்று எடுத்தால் முதுகு. முகம் எந்தப் பக்கத்திலும் இல்லை. "பெரியம்மா, சித்தி, எல்லாரும் இங்க பாருங்க" என்று ஒரு குரல் கொடுத்தாள். உடனே எல்லோரும் நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்து, கல்யாண மேடையில் நிற்பதுபோல நின்றார்கள். வயல்காரர் வரப்பிலிருந்து கத்தினார்.

"போட்டோவுக்கு நிக்கிறதா இருந்தா சொல்லிப்புடுங்கம்மா. நான் போயி மெஷினையே கூட்டியாந்துடுறேன்."

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. பின்வரப்பில் உட்கார்ந்து நூற்று நாற்பது படம் எடுத்தாள். ஒன்று உண்மையிலேயே நன்றாக வந்தது. புடவைக்குமேல் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு குனிந்த முதுகுகள் ஒரே வரிசையில். காலடித் தண்ணீரில் மேகம். ஒரே ஒரு குறை. ஐந்தாவது முதுகுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம், பல் விழுந்த வாய் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பல்லைக் கட்டினாள். ஐந்தாவது முதுகைப் பிரதி எடுத்து ஆறாவது இடத்தில் வைத்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டையை மெரூன் ஆக்கினாள். உருவத்தைக் கொஞ்சம் சிறிதாக்கி, தண்ணீரில் நிழலும் விழவைத்தாள். இரண்டு மணி நேர வேலை. ஆட்டை மறைத்த கைக்கு இது பெரிதில்லை.

திங்கட்கிழமை சார் படத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "லயம் பாரும்மா, லயம். பதினொரு முதுகு, ஒரே மூச்சு." இந்த ப்ராஜெக்டில் திருத்தம் கூடாது என்று விதி இல்லை. செய்தாயா என்று சார் கேட்கவும் இல்லை, செய்தேன் என்று இவள் சொல்லவும் இல்லை. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய நேர்மைபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த பெண்கள் மலர்கொடி வீட்டு வாசலில் கூடினார்கள். சுடர்விழி சிறிய அச்சுப் பிரதியையும் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"ஏன்டி, மூஞ்சி மொகமெல்லாம் விட்டுட்டு முதுகையா புடிச்ச?"

"எங்க சார் ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாரு சித்தி."

"அவருக்கு என்ன, அவரு முதுகா தெரியுது?"

சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியும் தன் முதுகைக் கண்டுபிடித்தாள். ஒருவருக்கும் ஒரு நொடிக்குமேல் ஆகவில்லை. மலர்கொடி விரல் வைத்து எண்ணினாள், பதினொன்று சரியாக இருந்தது, பேனாவை எடுத்தாள். அப்போதுதான் அதுவரை தன்னைத் தேடிக்கொண்டிருந்த சந்திரலேகா கேட்டாள்.

"நான் எங்கடி?"

"இருக்கீங்களே சித்தி. ஆறாவது." சுடர்விழியின் குரலில் துளி நடுக்கம் இல்லை.

"ஆறாவது என் எடந்தான். ஆனா நான் இந்தக் கலரு சட்டையப் போட்டதே இல்லையே. எங்க வீட்டுல மெரூனே கெடையாது."

ராசம்மாள் படத்தை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். செட்டிலேயே மூத்தவள். எல்லோரும் இடக்கையில் நாற்று முடிச்சைப் பிடித்து வலக்கையால் நடும்போது இவள் மட்டும் மாற்றிப் பிடிப்பாள்.

"கையப் பாருங்கடி. எடக்கையால நடுறா. இந்த செட்டுல எடக்கைக்காரி நான் ஒருத்திதான். அஞ்சாவதும் நானு, ஆறாவதும் நானு."

"ஒங்காத்தா ரெட்டப் புள்ள பெத்தத சொல்லவே இல்லியேக்கா!"

"கோவிந்தராசு அண்ணங்கிட்ட ரெண்டாள் கூலி கேளுக்கா, விட்டுடாத."

வாசலே குலுங்கியது. சந்திரலேகா மட்டும் சிரிக்கவில்லை. "ஒங்க பத்துப் பேருக்கும் டீ வாங்கத்தானடி போனேன். போனவ எடத்துல இன்னொருத்திய நட்டு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். சிரிப்பு நின்றது. மலர்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். சந்திரலேகா போடாமல் தாங்கள் போடுவது இல்லை என்று மற்றவர்களும் கிளம்பினார்கள். படிவத்தில் பதினொரு கோடுகளும் வெறுமையாகக் கிடந்தன.

"அந்த எடம் காலியா இருந்துச்சும்மா. அதான்" என்றாள் சுடர்விழி.

"காலின்னு யாரு சொன்னா? எடுத்த படத்தக் காட்டு."

லேப்டாப்பில் திருத்தாத படத்தைத் திறந்தாள். மலர்கொடி திரையில் விரலை வைத்து அழுத்தினாள். "இங்க பாரு. ஆளு இல்ல. நாத்து எப்படி வந்துச்சு?"

சுடர்விழி அப்போதுதான் பார்த்தாள். வெற்றிடத்தின் வழியே தெரிந்த பச்சை, மற்ற பச்சைகளுக்கு ஒரு முழம்கூடக் குறையாமல் வரிசைவரை வந்திருந்தது. ஆள் இல்லாத பங்கில் நடவு நின்றுபோகவில்லை.

"இந்தப் பக்கம் ராசம்மாக்கா பாதி, அந்தப் பக்கத்துக்காரி பாதி. போனவ திரும்பி வந்தா வரிசையோட நிக்கணும்ல. அவ மட்டும் முன்னால தனியா நின்னு நட்டுக்கிட்டுக் கெடக்கவா? எடத்த யாரும் நெருக்கவும் மாட்டோம். அது அவ எடம்."

"இதெல்லாம் எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒருநாளாச்சும் எறங்க விட்டிருக்கியா?"

"ஒனக்குத் தெரியக் கூடாதுன்னுதானடி படிக்க வச்சேன்."

"இப்பத் தெரியலன்னு திட்டுற."

"ஆமா. ரெண்டுந்தான்" என்று சொல்லிவிட்டு மலர்கொடி உலை வைக்கப் போனாள்.

புதன்கிழமை சுடர்விழி லேப்டாப்போடு சந்திரலேகாவின் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் நேரே தீர்வுக்கு வந்தாள். அடுத்த சில நிமிடங்களில் எடுத்த படங்களில் சந்திரலேகா டீக் கேனோடு வரப்பில் வருகிறாள்.

"ஒங்களையே அந்த எடத்துல வச்சுடுறேன் சித்தி. தெரியவே தெரியாது."

"டீக் கேனோடயா? சேத்து நடுவுல டீ விக்கிறவன்னு நெனைப்பாங்க."

"கேன எடுத்துடலாம். குனிஞ்ச மாதிரி வேற ஒரு படம் இருக்கு."

சந்திரலேகா திரையை எட்டிப் பார்த்தாள். ஆசை இல்லாமல் இல்லை. "வேணாம். நான் அங்க குனிஞ்சு நின்னா, அப்ப டீ வாங்கியாந்தது யாரு?" என்றாள். "எடத்த அப்படியே விடு. அது என் எடம்னு பாக்குறவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

வெற்றிடம் யாருடையது என்று எந்த மென்பொருளாலும் காட்ட முடியாது. சுடர்விழி லேப்டாப்பை மூடிவிட்டு நிமிர்ந்தாள். சுவரில் சந்திரலேகா மகளின் பத்தாம் வகுப்புக் குழுப் படம். கீழே பொடி எழுத்தில், இடமிருந்து வலம், பெயர்கள். கடைசி வரியில், படத்தில் இல்லாதவர்: செல்வி இரா. பிரதீபா.

"சித்தி, படிவத்துல கையெழுத்துப் போடுங்க."

"நான்தான் படத்துலயே இல்லியே, எதுக்கு?"

"எடம் இருக்குல்ல."

சந்திரலேகா போட்டாள். அன்று மாலைக்குள் மற்ற பத்தும் விழுந்தன.

வியாழக்கிழமை வசந்தகுமார் சார் புதிய அச்சைப் பார்த்து முகம் சுளித்தார். "நடுவுல ஓட்டையா இருக்கே. அந்தப் படம் என்னாச்சும்மா?"

"அது பொய் சார். ஒருத்தங்களையே ரெண்டு தடவ வச்சிருந்தேன்."

"எனக்குத் தெரியலையே?"

"தெரியக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "லயம் போச்சேம்மா."

"போகல சார். ஒருத்தங்க டீ வாங்கப் போயிருக்காங்க." படிவத்தை நீட்டினாள். சார் படத்தில் பத்து முதுகுகளை எண்ணினார்; படிவத்தில் பதினொரு கையெழுத்துகளை எண்ணினார்; மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு படத்தின் அடியில் அச்சிட்டிருந்த வரியைப் படித்தார். "மாட்டு" என்றார்.

வெள்ளிக்கிழமை தாழ்வாரத்தில் முப்பத்திரண்டு படங்கள் தொங்கின. தேர்வாளர் ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் கொடுத்து நடந்து வந்தவர், இதன் முன்னால் நின்று ஆள்காட்டி விரலால் காற்றில் எண்ணினார். ஐந்துவரை சரியாகப் போனது. பிறகு குனிந்து படித்தார். இடமிருந்து வலம் பதினொரு பெயர்கள். ஐந்தாவது ராசம்மாள். ஆறாவது, சந்திரலேகா, டீ வாங்கப் போயிருக்கிறார், அவர் பங்கை இருபக்கத்தாரும் நட்டிருக்கிறார்கள். தேர்வாளர் நிமிர்ந்து அந்த இடத்தின் வழியே பச்சையைப் பார்த்தார். அதிலேயே நாலு நிமிடம் போயிற்று. நஃபீசாவின் படத்துக்கு அவசரத்தில் பத்து நொடிதான் கிடைத்தது. அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

நாற்பத்தொன்று வந்தது. ஒன்பது குறைந்தது தேர்வாளரின் கோளாறு என்பது சுடர்விழியின் முடிவு. திருச்சிக்கு விண்ணப்பம் போய்விட்டது.

கண்காட்சி முடிந்ததும் படம் சந்திரலேகாவின் வீட்டுக்குப் போய், குழுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. வருகிறவர்களிடம் அவள் பத்து முதுகுகளையும் விட்டுவிட்டு, நடுவிலிருக்கும் பச்சையில் விரலை வைத்து "இதுதான் நான்" என்கிறாள். யாரும் மறுத்துச் சொன்னதில்லை. ராசம்மாளுக்குத்தான் மனக்குறை. இரண்டாக இருந்தவளை ஒன்றாக்கிவிட்டாளே இந்தப் பெண் என்று, நடவு வரிசையில் குனிந்தபடியே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.