வயலில் நின்ற முக்காலி

இது நடப்பதற்கு முன்பு ஊரில் எனக்கிருந்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. பழைய பிரெஞ்சுப் பகுதியான நெரவிக் கொம்யூன் பஞ்சாயத்தில் எங்கள் வாய்க்காலை நம்பிப் பயிர் செய்பவர் எவராயினும், நிலத்தை விற்கும் எண்ணம் வந்தால், தரகரிடம் போவதற்கு முன் என்னிடம் வருவார். நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். உத்தியோகம் தேடாமல் உழவுக்குத் திரும்பியவன். வயலில் மனைக்கல் நடுவது கூடாது என்று கோயில் கூட்டத்தில் எழுந்து சொன்னவனும் நானே. சொன்னதோடு நிற்கவில்லை. என் மனைவியின் தம்பி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தம் பங்கு நிலத்தை மனைகளாக்கி விற்று, பக்கத்துத் தருமபுரத்தில் வீடு கட்டினார். அந்தப் புதுமனை புகுவிழாவுக்கு நான் போகவில்லை. மனைவி மட்டும் போனாள்; திரும்பி வந்து வெகுநாள் என்னோடு அளந்துதான் பேசினாள்.

அப்படிப்பட்டவனுடைய வயலில், நிலம் அளப்பவர்கள் ஊன்றுவது போன்ற ஒரு முக்காலி நின்றால் ஊர் என்ன நினைக்கும்?

நாங்கள் கடைமடைக்காரர்கள். ஆற்றுத் தண்ணீர் எல்லாருக்கும் போக மிஞ்சி எங்களுக்கு வரும். என் வயலில் வடகிழக்கு மூலை மேடு. கண்ணுக்குத் தெரியாத மேடு. தண்ணீருக்கு மட்டும் தெரியும். அந்த மூலையை நனைக்க வேண்டுமானால் மேற்கே நாற்று மூழ்க வேண்டும். என் தகப்பனார் காலத்தில் மாடு கட்டிப் பரம்படித்து மட்டம் செய்தார்கள். என் காலத்தில் டிராக்டர் வந்தது. இரண்டுக்கும் அந்த மூலை மசியவில்லை. அங்கே நெல்லைவிடக் கோரைதான் செழித்தது.

லேசரைக் கொண்டு நிலத்தைச் சமன் செய்யும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று அறிந்ததும், அன்றே ஏற்பாடு செய்தேன். அணை திறந்தாயிற்று, தண்ணீர் எங்களை எட்டுவதற்குள் வேலை முடிய வேண்டும். உள் வரப்புகளை எடுத்து நான்கு சிறு வயல்களை ஒன்றாக்கினேன். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஓட்டுநர் வந்தார். வரப்போரம் முக்காலியை ஊன்றி, அதன் தலையில் சுழலும் சிறு பெட்டி ஒன்றை வைத்தார். அது வயல் முழுவதற்கும் ஒரே மட்டத்தில் ஒளிக்கதிரை வீசும். டிராக்டரின் பின்னால் மண் வாரும் பெரிய தகடு. தகட்டின் மேல் ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் அந்தக் கதிரை வாங்கும் கருவி. மேடு வந்தால் தகடு தானே மண்ணைச் செதுக்கி எடுத்துக்கொள்ளும். பள்ளம் வந்தால் தானே உயர்ந்து அந்த மண்ணை விட்டுச் செல்லும்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் லேசரைச் சுவரில் விழுந்த ஒரு சிவப்புப் பொட்டாக மட்டுமே கண்டிருந்தேன். அந்தப் பொட்டு என் வயலுக்கு வந்து மண் சுமந்தது! யாரும் தொடாமல் தகடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புழுதியில் டிராக்டரின் பின்னாலேயே நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதை கருதிச் சொல்வது; ஓடினேன்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அது பாட்டுக்கு ஓடுது, நீங்க ஏன் கூடவே ஓடுறீங்க? வெள்ளை வேட்டி காவி வேட்டியா ஆயிருச்சு. சாமியாராப் போற உத்தேசமா?"

"பேசாம இரு. மூலைக்குப் போவுது, பாரு!"

மூலை பணிந்தது. தலைமுறைகளாக அசையாத மேடு, மண்ணாக உதிர்ந்து மேற்குப் பள்ளத்துக்குப் பயணமானது. நான் கைதட்டியதாக மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

பிற்பகலில் சாலையோரம் கார் ஒன்று நின்றது. மைத்துனர் இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தான்! ஒரு வார்த்த சொல்லலியே. எவ்வளவுக்கு முடிஞ்சுது?"

"எது?"

"முக்காலி வச்சு அளக்கறீங்க, வரப்பெல்லாம் எடுத்தாச்சு. எதுன்னு என்னையக் கேக்குறீங்களே! கார்னர் பிளாட் ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க. என் வீட்டுக்கு நீங்க வரலன்னாலும் உங்க நகருக்கு நான் வருவேன்."

"நடவுக்கு நெலத்தச் சமன் பண்றேன்."

"பிளாட் போடறவனும் மொதல்ல சமன்தாங்க பண்ணுவான்!"

வேடிக்கை பார்க்க வரப்பில் நின்றவர்கள் உரக்கச் சிரித்தார்கள். மாலைக்குள் டீக்கடையில் என் நிலம் விற்றாயிற்று. வாங்கியவர் மனைக்காரரா, பூமிக்கடியில் எண்ணெய் எடுக்க வந்தவரா என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இருந்ததாம்.

இவற்றை நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் மறுநாள் மேற்கு வயல்காரர் வந்தார். எனக்குத் தம்பி முறை. தரகர் பலமுறை வந்தும் என் சொல்லுக்காகவே விற்காமல் இருந்தவர். அவர் வயலைத் தாண்டித்தான் எங்களுக்குத் தண்ணீர். அங்கே மனை விழுந்தால் வாய்க்கால் சாக்கடையாகும். எனக்குப் பின்னால் இருப்பவர் எல்லாரும் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

"அண்ணே, நீங்க வித்ததுல எனக்கு வருத்தமில்ல. எங்கள மட்டும் கட்டிப்போட்டுட்டு வித்தீங்க பாருங்க, அதுதான். வெள்ளிக்கெழம நானும் அட்வான்ஸ் வாங்குறேன்."

"நான் விக்கல."

"ஊரே பாத்துச்சுண்ணே."

அவர் போய்விட்டார். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொன்னால் அது கெஞ்சுவதாகும். மனைவி, "கூப்பிட்டு வெவரமா சொல்லுங்களேன்" என்றாள். நான் கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை காலை வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மேற்கு வயல்காரர் மடையைத் திறந்தால்தான் எனக்குப் பாயும். யாரோடு என்ன மனக்கசப்பு இருந்தாலும் தண்ணீரை மறிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மண்வெட்டியோடு வந்து வெட்டிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் வரப்பில் நின்றார்.

தண்ணீர் நுழைந்தது. ஒரு பக்கமாகச் சாயாமல், பாய் விரித்தாற்போல் கிழக்கே போனது. பழைய கணக்குப்படி மேற்கே முழங்கால் ஆழம் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில், வடகிழக்கு மூலை மின்னியது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். மூலைவரை நடந்தார், குறுக்கே நடந்தார், திரும்பி வந்தார். கணுக்காலுக்கு மேல் எங்கும் நனையவில்லை.

"அண்ணே, எங்க நின்னாலும் ஒரே மட்டமால்ல நிக்குது!"

"ஆமாம்."

"மனைக்குன்னா மேடால்ல போடுவாங்க. இப்படித் தண்ணி நிக்கிற எடத்துல எவன் வீடு கட்டுவான்?"

அவர் மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்தார்.

"அந்த வண்டி ஊருக்குப் போயிருச்சா?"

ஓட்டுநர் அருகிலேயே அம்பகரத்தூரில் வேலையாக இருந்தார். நானே தொலைபேசியில் அழைத்தேன். வெள்ளிக்கிழமை, தரகர் வரவிருந்த நேரத்தில், இன்னும் தண்ணீர் விடாத மேற்கு வயலின் காய்ந்த உழவில் முக்காலி நின்றது. இம்முறை டிராக்டருக்குப் பின்னால் ஓடியவர்கள் இருவர். மைத்துனர் என் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, "அவரும் வித்துட்டாரா அக்கா?" என்று கேட்டார்.

விலை படியாததால் நான் பின்வாங்கிவிட்டேன் என்று தருமபுரத்தில் சிலர் இன்றும் சொல்லி வருகிறார்கள். விலை எதுவும் பேசப்படவில்லை. என் நிலத்துக்காகத் தரகர் எவரையும் நான் சந்திக்கவில்லை. முக்காலி வந்தது வயலைச் சமன் செய்வதற்கு.