மதினியின் ஒன்றரை வினாடி

எண்பதுகளின் பிற்பகுதியில் என் அண்ணன் ஒரு வண்டி செய்தார். ராஜபாளையத்தில் நூல் மில்களுக்கு உதிரிப்பாகம் கடைந்து தரும் லேத் பட்டறை அவருடையது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டில்தான் என் சாப்பாடு.

பழைய கார் ஒன்றை வாங்கி, எஞ்சினையும் சக்கரங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச இரும்பையெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டார். மெல்லிய இரும்புக் குழாய்களை வெல்டிங்கில் ஒட்டி ஒரு கூடு செய்து, அதன்மேல் அலுமினியத் தகடு வேய்ந்தார். கூரை இல்லை, கதவு இல்லை. தனக்கு வெறும் பலகை. பக்கத்தில் அவர் மனைவி, என் மதினி, உட்கார மட்டும் ரெக்சின் சீட்டு, உள்ளே மில்லில் கழிவாக விழும் பஞ்சு. எங்கள் ஊரில் எதைத் திணிக்க வேண்டுமென்றாலும் கை தானாகப் பஞ்சைத்தான் தேடும். தேங்காய் நாரை ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

"இது காரா முதலாளி? நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போயிரலாம் போலிருக்கே" என்றார் பட்டறை வெல்டர்.

"அந்த நாலு பேரு யாருன்னு சொல்லிருங்க, அவியளுக்கும் சேத்து உலை வைக்கேன்" என்றார் மதினி. பட்டறையே சிரித்தது.

எஞ்சின் அதே பழைய, சாதாரண எஞ்சின்தான். ஆனால் ஊருக்கு மேற்கே மலையடிவாரச் சாலையில் அந்த வண்டி நின்ற இடத்திலிருந்து எழும்பியதைப் பார்த்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. நான் வகுப்பில் தினமும் சொல்வதுதான்: தள்ளும் விசை அதேதான், தள்ளப்படும் நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டவேண்டியதில்லை, சுமையை இறக்கினால் போதும். கரும்பலகையில் எழுதுவது வேறு, கண்ணால் காண்பது வேறு. இரைச்சல் காதில் பதியுமுன் வண்டி கடந்துபோயிருக்கும்.

அப்படிப்பட்ட வண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. பேருந்தில் ஒருவர் கூடுதலாக ஏறினால் எஞ்சினுக்குத் தெரியாது. இந்த வண்டிக்குத் தெரியும். பள்ளியிலிருந்து எடுத்துவந்த நிறுத்துக் கடிகாரத்தோடு நான் இரண்டாம் பர்லாங் கல்லில் நிற்பேன். அண்ணன் முதல் கல்லில் கையை உயர்த்திக் காட்டிவிட்டுக் கிளம்புவார். மதினியோடு வந்தால், தனியாக வருவதைவிட ஒன்றரை வினாடி கூடுதலாகும். எத்தனை முறை அளந்தாலும் அதே ஒன்றரை வினாடி. "என்னைய தராசுல ஏத்துதியளா ரெண்டு பேரும்?" என்று மதினி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்த ஆண்டு ஆனியில், காமாலை கண்டு பதினோரு நாளில், மதினி போய்விட்டார்.

பிறகும் ஞாயிறு உச்சிப்பொழுதுகளில் அண்ணன் ஓட்டினார். வேறு எதிலும் அவருக்குப் பிடிப்பில்லை என்பதால் நானும் கடிகாரத்தோடு போய் நின்றேன். ஆடியிலும் ஆவணியிலும் தனி ஆளின் நேரம். ஐப்பசி மழை நான்கு நாள் கொட்டித் தீர்த்த வாரத்தில் வண்டி வந்து நின்றதும், நான் கடிகாரத்தைக் காட்டத் தயங்கினேன். அவரே வாங்கிப் பார்த்தார். ஒன்றரை வினாடி கூடுதல்.

"பாத்தியாட்டி?" என்றார் மெதுவாக. "ஏறிட்டா. வளைவுல இடப்பக்கம் சாயுது, அவ இருந்தா சாயுத மாதிரியே."

அன்றிலிருந்து பள்ளங்களில் வேகத்தைத் தணித்தார். பிரேக் பிடிக்கும்போது இடக்கை தானாக நீண்டு அந்தச் சீட்டின் முன்னால் அணை போட்டது. சாலையோர வனத்துறைச் சாவடிக் காவலர் என்னைக் கேட்டார்: "பக்கத்தப் பாத்துத் தலையாட்டிக்கிட்டே போறாரே, கூட யாரும்மா வாரது?"

மறுவாரம் அண்ணன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அந்தச் சீட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். மேலே ரெக்சின் காய்ந்திருந்தது. தையல் வழியாகக் குளிர்ந்த நீர் கசிந்து மணிக்கட்டில் வழிந்தது. கூரையில்லாத வண்டியில் பஞ்சு ஒரு பெண்ணின் எடைக்குத் தண்ணீர் குடித்திருந்தது. நிம்மதி வந்தது, கூடவே வெட்கமும். மழைக்காலம் முடிந்தால் தானாக உலர்ந்துவிடும், மதினி மெல்ல மெல்ல இறங்கிப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறு.

தை பிறந்தது. வெயில் சுட்டது, ஒரு தூறல்கூட இல்லை. கடிகாரம் மாறவேயில்லை. கையால் அழுத்திப் பார்த்தேன், சீட்டு ஈரமாகவே இருந்தது. எனக்கு உண்மையான அச்சம் அப்போதுதான் தொடங்கியது.

ஒரு ஞாயிறு வழக்கத்தைவிட முன்னதாக பஸ் கிடைத்துப் பட்டறைக்குப் போய்விட்டேன். விடுமுறை நாள், ஆளரவம் இல்லை. அண்ணன் கையில் செம்பு. ரெக்சின் மடிப்பைத் தூக்கி, தலைக்கு ஊற்றிவிடுவதுபோல அவ்வளவு நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செம்புக்கும் நிறுத்தி, கையால் அழுத்திப் பார்த்தார். கடிகாரம் அவருக்கு அளவு கற்றுக்கொடுத்திருந்தது. நீர் கீழே சொட்டிய இடத்தில் குனிந்து பார்த்தேன். வண்டியை லேசாக்கிய அந்த மெல்லிய குழாய்கள் செங்கல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. ஒட்டு ஒன்றில் மயிரிழைக் கீறல்.

"அண்ணே, குழாய் துருவேறிப் போச்சு. ஒட்டு விடுது."

"தெரியும்."

"எம்புட்டு நாளா?"

"கார்த்திகையிலேருந்து."

இரும்போடு வாழ்ந்தவர் அவர். அந்தக் கீறல் ஒருநாள் வளைவில் என்ன செய்யும் என்று நான் சொல்லித் தரவேண்டியதில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பலகையில் ஏறினார். "செத்த நேரம் போயிட்டு வந்திருதோம்" என்றார்.

நான் சுற்றிப் போய் அந்த ஈரச் சீட்டில் உட்கார்ந்தேன். சேலை, பாவாடை எல்லாம் நனைந்து இடுப்புவரை குளிர் ஏறியது.

"எந்திரிட்டி."

"மாட்டேன். ஒட்டு விட்டுப்போனா நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துப் போகட்டும். எடுங்க."

பிறகு எடுத்தார். இரண்டு பெண்களின் எடையைச் சுமந்த அந்த வண்டியிடம் பழைய துள்ளல் எதுவும் இல்லை, மாட்டுவண்டிபோல் இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கடியில் ஏதோ பல்லைக் கடித்தது. வாரக்கணக்கில் அவர் கேட்டும் கேளாதிருந்த அந்த ஓசை அன்று அவர் காதில் விழுந்ததை, அவர் தாடை இறுகியதில் கண்டேன். வளைவுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். மலையடிவாரத்தில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

"அவ இருந்திருந்தா ஏசியிருப்பா," என்றார் முன்னால் பார்த்தபடி, "உன்னய இதுல உக்கார வச்சதுக்கு."

"ஏசியிருப்பாக. இறக்கியும் விட்டிருப்பாக."

ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டுகளையும் கழற்றினார். சீட்டைப் பக்கத்திலிருந்த ஓடைப் பாலத்தடிக்கு இருவரும் தூக்கிக்கொண்டு போனோம். ரெக்சினைக் கத்தியால் கீறி, கறுத்துப்போன பஞ்சைப் பிடிபிடியாகப் பிழிந்தார். நானும் பிழிந்தேன். அவ்வளவு தண்ணீர் அதற்குள் இருந்திருக்கும் என்று நான் கணக்கிட்டிருக்கவில்லை.

"இனி ஓட்ட வேண்டாம்" என்றார். வண்டியைத் தள்ளியே கொண்டுபோனோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தள்ளுவண்டிபோல லேசாக உருண்டது. சாவடிக்குச் சற்று முன்னால், ஏற்றமே இல்லாத இடத்தில், அது சட்டென்று கனத்தது. இருவரும் நின்றோம். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, சீட்டு இருந்த இடத்தில் காலியாகக் கிடந்த தகட்டையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, யாரோ இறங்குவதற்குக் காத்திருப்பவர்போல நின்றார். சிறிது நேரம் கழித்து மறுபடி கைவைத்தோம். பழையபடி லேசாக நகர்ந்தது.