ஒரே கூண்டில் இரண்டு பச்சோந்திகள்

என் மகளுக்குப் பதினொரு வயதானபோது, நானும் அவளுடைய அம்மாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் தாயோடு இருந்தாள். நான் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி, ஞாயிறு என்னிடம் வருவாள். அந்த அறையில் அவளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கட்டிலில் சாய்ந்தபடி போனைப் பார்ப்பாள். ஞாயிறு மத்தியானமே காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாகிவிடுவாள்.

அவள் ஆசையோடு வருவதற்கு ஏதாவது வேண்டுமென்று நினைத்தேன். நாய், பூனை கூடாதென்று வீட்டுக்காரர் முதலே சொல்லியிருந்தார். பச்சோந்தி கேட்டது மகள்தான். வீட்டுக்காரரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "சத்தம் போடாதெண்டால் வைச்சிருங்கோ" என்றார்.

லூயிஷாமில் பச்சோந்தி வளர்த்து விற்கும் ஒருவரை இணையத்தில் தேடிப் பிடித்தோம். தமிழ்நாட்டுக்காரர். பகலில் கணினி வேலை, மற்ற நேரமெல்லாம் பச்சோந்தி. ஓர் அறை முழுக்கக் கம்பிவலைக் கூண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு செடி, ஒரேயொரு குட்டி. கூண்டுகளுக்கிடையில் மட்டைகளை நிறுத்தி மறைத்திருந்தார். குட்டிகளுக்கு மூன்று மாதம். என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். மகள் ஒன்றைக் கையில் ஏற்றினாள். அது ஒரு காலைத் தூக்கி, வைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல ஆடி ஆடி நடந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு அடுத்த கூண்டைக் காட்டி அதையும் கேட்டாள்.

"முதல் தடவை வளர்க்கிறீங்க, ஒண்ணு போதும் சார்," என்றார் அவர்.

"இது தனியா என்னெண்டு இருக்கும், அப்பா? லோன்லியா இருக்கும்," என்றாள் மகள்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது.

"ரெண்டு வேணும்னா ரெண்டு கூண்டு வேணும். இதுங்க ஒண்ணை ஒண்ணு பார்க்கவே கூடாது. உங்ககிட்ட ரெண்டு கூண்டு இருக்கா?"

"ஓம், இருக்கு," என்றேன்.

ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது கூண்டை வைக்க என் அறையில் இடமும் இல்லை. ஆனால் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூடப் பிறந்தவை சேர்ந்திருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது, இந்த மனிதர் அளவுக்கு மீறிக் கவனம் பார்க்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் இரண்டு கிழமைகள் சந்தோஷமாகத்தான் போயின. காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளிப்பேன். அவை கிண்ணத்தில் குடிக்காது, இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். சின்னச் சில்வண்டுகளைக் கல்சியம் தூளில் புரட்டிக் கூண்டுக்குள் விடுவேன். மகள் நாள் தவறாமல் போன் எடுத்தாள். அதற்கு முன் அவளாக எனக்குப் போன் எடுத்ததில்லை. "சாப்பிட்டவையோ?" என்று அவற்றைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவாள். என்னையும் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வேலையால் வந்து பார்த்தபோது, விளக்குக்குக் கீழே ஒன்றின் முதுகில் மற்றது ஏறிப் படுத்திருந்தது. படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். "பாருங்கோ, கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கினம்," என்று எழுதினேன். அவள் அதற்கு ஏழெட்டு இதயங்களை அனுப்பினாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது ஒன்று பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் தெரிந்தன. வாங்கும்போது இரண்டும் ஒரே அளவு. சின்னது கூண்டின் அடியில், செடிக்குப் பின்னால், மண்ணிறமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, இது ஏன் கண்ணை மூடிக்கொண்டு இருக்கு?"

"நித்திரை கொள்ளுது பிள்ளை."

அவள் போனில் எதையோ தேடி வாசித்தாள். "பகலிலை கண் மூடினால் சுகமில்லையாம். டொக்டரிட்டக் கொண்டு போகோணுமாம்."

"திங்கட்கிழமை கொண்டுபோறன்."

திங்கள் நான் வேலை செய்யும் வேர்ஹவுஸில் ஆள் குறைவென்று கூப்பிட்டார்கள். செவ்வாயும் ஷிப்ட். புதன்கிழமைதான் கொண்டுபோனேன். சப்பாத்துப் பெட்டிக்குள் துணி விரித்து, என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். அதன் வாயைத் திறந்து பார்த்தார், கால்களை மெல்லத் தடவினார், எடை பார்த்தார். பிறகு, தனியாகவா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை, இரண்டாக என்றேன்.

"அவை ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை," என்று அவசரமாகச் சொன்னேன்.

"சண்டை பிடிக்கத் தேவையில்லை. மற்றது கண்ணில் பட்டுக்கொண்டிருந்தாலே போதும். பயத்தில் இது சாப்பிடாது, தண்ணீரும் குடிக்காது."

போனை எடுத்து, அந்தப் படத்தை அவருக்குக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரியது சூட்டையும் வெளிச்சத்தையும் தனக்கு எடுத்துக்கொள்கிறது. கீழே இருப்பதற்கு ஒன்றும் கிடைக்காது," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறொரு பெட்டியில், வேறொரு விளக்கின் கீழ் அதை வைத்தேன். ஊசியில்லாத சிரிஞ்சால் மணிக்கு ஒருதரம் ஒரு துளி மருந்துத் தண்ணீர் விட்டேன். வேலைக்கு லீவு சொன்னேன். வியாழக்கிழமை ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. தப்பிவிட்டது என்று நம்பினேன். வெள்ளி மத்தியானம், என் உள்ளங்கையில் இருந்தபோதே அதன் விரல்களின் பிடி தளர்ந்தது. செத்த பிறகு அதன் நிறம் மெல்லிய பச்சைக்குத் திரும்பியது, அந்த லூயிஷாம் அறையில் இருந்ததுபோல.

மகளின் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். மகள் வந்து போவதைத் தவிர வேறு எதையும் நாங்கள் அந்த இரண்டு வருடத்தில் பேசியதில்லை.

"சின்னது செத்துப்போச்சு. இன்னொண்டு வேண்டி வைக்கட்டே? அவளுக்கு வித்தியாசம் தெரியாது," என்றேன்.

"அவளுக்குத் தெரியும். பொய் சொல்லாதேங்கோ," என்றார். பிறகு, "நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"நான் சொல்லுறன்."

அந்தச் சனி அவள் வரும் முறை இல்லை, ஆனாலும் அம்மா அனுப்பிவைத்தார். அன்றைக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. கட்டிலில் இருந்து கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு கூண்டு இருக்கெண்டு ஏன் அந்த அங்கிளிட்டச் சொன்னீங்கள்?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் பழி அவள்மேல் போய்விடும். "எனக்கு நீ சந்தோஷப்படோணும் எண்டு இருந்தது. அது பிழை. என்ரை பிழை," என்றேன்.

வீட்டுக்காரரின் பின்வளவில், வேலியோரமாகப் புதைத்தோம். மண் இறுகிக் கிடந்தது. கரண்டியால்தான் தோண்டினோம். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றாள்.

அன்றைக்கே போனோம். கதவைத் திறந்தவரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். பொய்யையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"நானும் அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்து பார்த்திருக்கணும் சார்," என்றார். பெட்டியை மகளின் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் அவள் அழத் தொடங்கினாள். சுற்றியிருந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தால், "நான் அம்மாட்டப் போகப்போறன்," என்றாள். ஞாயிறு வரை இருக்க வேண்டியவளைச் சனி பின்னேரமே கொண்டுபோய் விட்டேன். கதவைத் திறந்த அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். நான் படியில் நின்றேன்.

அவளுக்கு இப்போது பதினாலு. வருகிறாள்தான், பரீட்சை, சிநேகிதிகள் என்று இடைவெளி கூடிவிட்டது. என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் அன்றைக்குப் பிறகு என்னிடம் எதுவும் வேண்டுமென்று கேட்டதில்லை. போன வருடம் லூயிஷாம்காரர், நாங்கள் திருப்பிக் கொடுத்ததைப் படமெடுத்து அனுப்பினார். வளர்ந்து, தலையில் கொண்டை உயர்ந்து, உடம்பு முழுக்க மஞ்சளும் பச்சையுமாக வரிகள். மகளுக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்தாள்.

"வடிவா இருக்கு," என்றாள். போனை என் கையில் தந்துவிட்டு, தேத்தண்ணி போடக் கீழே போனாள்.