ஏழு விநாடி ஓடிய என்ஜின்

ஏழு விநாடி. சிவப்பு சுவிட்சை இழுத்த பிறகும் என்ஜின் ஓடிய நேரம் அவ்வளவுதான். கரண்ட் அக்கா இருபத்தொரு வருடமாக வண்டிகளுக்கு வயர் இழுக்கிறாள். இப்போது யார் எதைக் கேட்டாலும் அந்த ஏழு விநாடியில் இருந்துதான் பேச்சைத் தொடங்குகிறாள்.

நேர்ரோட்டில் இரண்டிரண்டு கார்களாகச் சீறிப் பாயும் பந்தயம் அது. கார் அவளுடைய கொழுந்தனுடையது. என்ஜின் அவன் பொறுப்பு, வயர் அவள் பொறுப்பு, ஓட்டுவது அவள் கூடப்பிறந்த தம்பி. குடும்பத்துக்குள்ளேயே ஒரு பந்தயக் கார் இருந்தால் சண்டைக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.

முதல் சண்டை ஆல்டர்நேட்டர் தேவையா என்பதில் வந்தது. என்ஜின் சுற்றும்போதே கரண்ட் தயாரித்து பேட்டரிக்கு ஊட்டுகிற சாமான். அது என்ஜினின் பலத்தைக் கொஞ்சம் தின்னும், எடையும் கூட்டும், பேட்டரியே போதும் என்றான் கொழுந்தன். நாலாவது ஓட்டத்தில் பேட்டரி படுத்துவிடுகிறது, பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி சோகை பிடித்து விழுகிறது என்றாள் அக்கா. அவன் வீசிய ஸ்பேனரில் சுவர்க் கடிகாரம் நொறுங்கியது. அவள் கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, சின்னக் காரில் வருகிற ஓர் ஆல்டர்நேட்டரைப் பொறுக்கி எடுத்து, அதைச் சுற்றவைக்கும் பெல்ட் சக்கரமான புல்லியைப் பெரியதாக மாட்டினாள். பந்தய என்ஜின் அலறுகிற வேகத்துக்குச் சின்னப் புல்லி என்றால் உள்ளே இருக்கும் சுருள் பிய்ந்து சிதறிவிடும். பெரியது நிதானமாகச் சுற்றும்.

இரண்டாவது சண்டை வயரில். பேட்டரி டிக்கியில் இருந்தது. பின் பம்பருக்கு மேலே, வெளியில் நின்று இழுக்கிற சிவப்பு சுவிட்ச். விபத்து என்றால் யாராவது ஓடிவந்து அதை இழுப்பார்கள். இழுத்த நொடியில் காரில் பொட்டுக் கரண்ட் மிஞ்சக் கூடாது. ஆனால் ஆல்டர்நேட்டர் முன்னால் உட்கார்ந்து தானாகக் கரண்ட் தயாரித்துக்கொண்டிருக்கும். அதனால் அதன் வயர் காரின் நீளம் முழுக்கப் பின்னால் போய், சுவிட்சைத் தாண்டி, பேட்டரியில் முடிய வேண்டும். அப்போதுதான் ஒரே இழுப்பில் இரண்டும் துண்டிக்கப்படும். விரல் பருமனில் நாலரை மீட்டர் செம்பு வயர். முன்னாலேயே ஸ்டார்ட்டரில் மாட்டினால் அரை மீட்டரில் வேலை முடியும்.

"ஒன்றரை கிலோ அண்ணி. இங்க இருக்கற இடத்துக்கு ஊரைச் சுத்திட்டுப் போறீங்க."

"உன் வாயைக் கழட்டி வெச்சா அஞ்சு கிலோ குறையும் கொழுந்தனாரே. வயர்ல கை வெச்சா கையை உடைப்பேன்."

தம்பி சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

பந்தயத்தன்று அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லி, என்ஜின் அலறும்போது சுவிட்சை இழுப்பாள். அது அப்படியே அடங்க வேண்டும். அன்று அவர்கள் நம்பரை ஒலிபெருக்கியில் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள். என்ஜின் ஸ்லோவில் முனகிக்கொண்டிருந்தது. அப்படியே இழுத்தாள். நின்றது. கூரையை இரண்டு தட்டுத் தட்டி, போ என்றாள். கார் புறப்படும் கோட்டுக்கு நகர்வதற்குள் ஒரு பைக்கில் தொற்றி முடிவுக் கோட்டுப் பக்கம் போய் நின்றாள்.

முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் வெடித்தது. கார் திரும்பி, ஓட்டுகிறவன் பக்கத்தைச் சுவரில் கொடுத்தது. கதவு உள்ளே மடங்கி, பெடல்கள் மடங்கி, தம்பியின் இரண்டு கால்களும் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து நசுங்கின. ஆக்சிலரேட்டர் முழுசாக அழுந்திக் கிடந்தது. என்ஜின் உச்சத்தில் ஊளையிட்டது. தீயணைப்பு ஆள் ஓடிவந்து சிவப்பு சுவிட்சை இழுத்தார்.

நிற்கவில்லை.

மறுபடி தள்ளி, மறுபடி இழுத்தார். பின் சக்கரங்கள் காரைச் சுவரோடு அரைத்து முன்னே தள்ளின. ஒவ்வொரு தள்ளுக்கும் கதவின் தகடு இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. கிழிந்த டயரின் பட்டை சாட்டையாகச் சுழன்று தீயணைப்பு ஆளின் தாடையில் விழுந்து அவரைச் சாய்த்தது. தம்பி கத்திய சத்தம் என்ஜினுக்கு மேலே கேட்டது. பந்தய ரோட்டு ஓரத்தில் நின்ற அக்கா எப்போதோ ஓடத் தொடங்கியிருந்தாள். பானெட் பிய்ந்து போயிருந்தது. கட்டரைத் தேட நேரமில்லை. பொறிக்குக் கரண்ட் தருகிற இக்னிஷன் காயிலின் வயரை வெறுங்கையால் பிடித்துப் பிடுங்கினாள். அடித்த ஷாக்கில் ரோட்டில் மல்லாந்தாள். இரண்டு விரல் நுனிகள் கருகின.

என்ஜின் நின்றது.

தம்பியை வெட்டி எடுத்து ஏற்றி அனுப்பியதும் டிக்கியைத் திறந்தாள். பேட்டரியில் அவள் முறுக்கிய போல்ட் காலியாக நின்றது. ஆல்டர்நேட்டரை முன்னாலேயே ஸ்டார்ட்டரில் மாட்டியிருந்தான் கொழுந்தன், அது சுவிட்சுக்கு அகப்படாமல் என்ஜினுக்குக் கரண்ட் ஊட்டியிருக்கிறது. அந்த நாலரை மீட்டர் வயர் கொழுந்தனின் டூல்பெட்டியில் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதையே எடுத்தாள். செம்பு உள்ளே இருக்கிற வயர் தோளில் விழுந்தால் சத்தம் குறைவு, வலி அதிகம். முதல் அடியில் கொழுந்தன் முழங்காலிட்டான். மூன்றாவதில் காது கிழிந்தது. கூட்டம் சுற்றி நின்றது. விலக்கிவிட யாரும் வரவில்லை. அவன் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை.

"ஸ்லோவுல நின்னுச்சு அண்ணி. வயரை மாத்திட்டு வெள்ளிக்கிழமையே நான் சுவிட்சை இழுத்துப் பாத்தேன். காலையில நீங்களும்தான் பாத்தீங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பெரிய புல்லி. ஸ்லோவில் அந்த ஆல்டர்நேட்டர் சுற்றுவதே தெரியாது, கரண்டும் வராது, சுவிட்சை இழுத்தால் என்ஜின் சமர்த்தாக அடங்கும். மிதித்தால்தான் அது உயிர் பிடிக்கும். அதைத் தேர்ந்தெடுத்து மாட்டியவள் அவள். மிதிக்கச் சொல்லாமல் இழுத்தவளும் அவள்தான்.

வயரைக் கீழே போட்டாள். ரத்தம் வழிந்த அவன் காதைத் தன் துணியால் அழுத்தி, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள்.

தீயணைப்பு ஆளின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தம்பியின் வலது கால் பிழைத்துவிடும் என்கிறார் டாக்டர். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். சம்மதக் கையெழுத்தை அக்கா கட்டுப் போட்ட கையாலேயே போட்டுவிட்டாள்.