அம்மா ஏறிய மண்குன்று

எங்கள் அலுவலகம் பெங்களூர் பிரேசர் டவுனில் இருக்கிறது. கட்டடங்களுக்கும் அவற்றைச் சுற்றி வரும் தோட்டங்களுக்கும் படம் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். உள்ளே நுழைந்ததும் இடதுபக்கச் சுவரில் ஒரு பென்சில் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். ஓட்டுக்கூரை, மரச்சட்டம் வைத்த கூர்முகப்பு, நீண்ட வராண்டா, வாசலில் ஒரு மாமரம். வெள்ளைக்காரர்களின் கண்டோன்மென்ட் காலத்துப் பங்களா. கீழே என் கையெழுத்து. வருகிறவர்களிடமெல்லாம் எங்கள் மேடம் அதைக் காட்டி, "இவங்க பொறந்து வளந்த வீடு" என்பார். நான் அடக்கமாகச் சிரிப்பேன். பல வருஷம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்த வீடு அதுவல்ல. கல்லூரியில் முதல் வருஷம், "நீங்கள் வளர்ந்த வீட்டை வரைந்து வாருங்கள்" என்றார்கள். நான் வளர்ந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்றில். ஒரே அறை, அதிலேயே ஒரு சமையல் மூலை, தலைக்கு மேல் தகரம். வீட்டுக்குப் பின்னால் சயனைட் மேடு. பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சாம்பல் மணலைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேடு அது. ஆடிக் காற்றில் அந்த மணல் பறந்து வந்து சோற்றில் விழும். அம்மா பானையை ஈரத்துணியால் மூடி வைப்பாள். அப்படியும் பல்லில் நறநறக்கும்.

இதை எப்படி வரைவது? பக்கத்து மேசைப் பெண் நான்கு கட்டு வீட்டை வரைந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி முதல் நாளே, "தங்கவயலா? ரவுடிங்க ஊராச்சே!" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். தினமும் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கும் பங்களா ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டேன். வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மதிப்பெண். லீவில் ஊருக்குப் போனபோது அம்மா அந்தப் படத்தைப் பார்த்து, "யாரு வூடுடி இது?" என்று கேட்டாள். "சும்மா, காலேஜுக்கு" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பிறகு அதே படத்தைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சோறும் கிடைத்தது.

அப்பா மார்புச் சளியோடு பல வருஷம் போராடிப் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மாவை லிங்கராஜபுரத்துக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். போன வசந்தத்தில் மேடம் அலுவலகம் முழுவதையும் பெய்ஜிங்குக்குக் கூட்டிப்போகத் திட்டமிட்டார். அரசர்களின் கோடை அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்து வந்தால் எங்கள் கை திருந்தும் என்பது அவர் நம்பிக்கை. அம்மாவைத் தனியாக விட்டு வர முடியாது என்று நான் நழுவப் பார்த்தேன். "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, பரவாயில்லா" என்று அந்த வழியையும் அடைத்துவிட்டார். அவர் கன்னடக்காரர். தமிழ் சரளமாகப் பேசுவார், நடுநடுவே கன்னடம் விழும்.

அந்தத் தோட்டத்துக் குன்றின் உச்சியில் புத்தர் கோயில் இருக்கிறது என்று கேட்டதும் அம்மா பெட்டியை எடுத்துவிட்டாள். நாங்கள் பௌத்தக் குடும்பம். தங்கவயலில் தலைமுறைகளாகத் தமிழ் பௌத்தர்கள் இருக்கிறார்கள் என்பது பெங்களூரில் பலருக்குத் தெரியாது. நானும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் ஊர் வரும், ஊர் வந்தால் வீடு வரும். அம்மாவோ காலையில் பஞ்சசீலம் சொல்லாமல் காபியைத் தொட மாட்டாள். கொல்லாமை, கள்ளாமை என்று ஐந்தையும் சொல்லி முடித்த பிறகுதான் டம்ளரை எடுப்பாள். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளிடம் சொன்னேன்: "அங்க ஊர்க் கதையெல்லாம் பேசாதம்மா." அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

தோட்டத்தைப் பற்றி நான் நிறையப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் வாசலில் நின்றதும் படித்ததெல்லாம் மறந்துபோனது. முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்படி வாசலின் குறுக்கே கிடந்தது. அதை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்றாள் எங்கள் வழிகாட்டிப் பெண். அவள் சொல்வதற்கு முன்பே அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து வலது காலை எடுத்து உள்ளே வைத்திருந்தாள். இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா என்பது போல் அவளைப் பார்த்தாள்.

ஏரியை ஒட்டி ஓடும் நீண்ட நடைபாதை மண்டபத்துக்கு முடிவே இல்லை போலிருந்தது. பச்சைத் தூண்கள், மேலே ஒவ்வொரு உத்தரத்திலும் ஒரு படம். பூ, பறவை, போர், பனியில் நிற்கும் வீடு. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது கூப்பிடுகிறது. கழுத்து வலித்தது. ஏரியைப் பார்த்த ஒரு வெள்ளைச் சுவரில் ஜன்னல்கள், ஒன்று விசிறி போல, ஒன்று பழம் போல, ஒன்று குடுவை போல. ஒரே ஏரிதான், ஜன்னல் மாற மாற வேறு ஏரியாகிறது. அபார்ட்மென்ட் மதிலுக்குச் சதுர ஓட்டை தவிர வேறொன்றும் யோசிக்கத் தெரியாத எங்கள் புத்தியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. நோட்டில் வேகவேகமாக வரைந்தேன்.

கரையோரமாக மிதக்காத ஒரு கல்கப்பல் நின்றது. தெற்குச் சீமையில் தான் பார்த்து மயங்கிய ஏரியையும் கடைத்தெருவையும் இங்கே அதே மாதிரி கட்டிக்கொண்டாராம் அரசர். மேடம் எங்களை ஏரிக்கரையில் நிறுத்தி மேற்கே காட்டினார். தொலைவில் வேறொரு குன்றில் ஒரு கோபுரம் தெரிந்தது. "அது இந்தத் தோட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. ஆனா மரத்தையும் தண்ணியையும் எப்படி வெச்சிருக்காங்கன்னா, பாக்கறவங்களுக்கு அதுவும் இதுக்குள்ள இருக்கற மாதிரியே தோணும். வெளியில இருக்கறதை இரவல் வாங்கி நம்மளோடதா காட்டறது. இதுதான் வித்தை" என்றார். எல்லோரும் ஆஹா என்றார்கள். எனக்கு மட்டும் அலுவலகச் சுவரின் படம் ஞாபகம் வந்தது. அரசர் செய்தால் கலை, நான் செய்தால் பொய்யா என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். அரசர் அந்தக் கோபுரத்தடியில்தான் பிறந்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லையே.

குன்றின் அடிவாரத்தில் வழிகாட்டிப் பெண் கதை சொன்னாள். அரசர் தன் தாயின் பிறந்தநாளுக்காக இந்தத் தோட்டத்தை எழுப்பினார். குன்றுக்கு நீண்ட ஆயுளின் குன்று என்று பேர் வைத்தார். ஏரியை அகலமாக்கத் தோண்டிய மண்ணையெல்லாம் கொண்டுவந்து இங்கே கொட்டித்தான் குன்றை இப்படி வளர்த்தார்கள். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்துவிட்டது.

"தோண்டின மண்ணா? அட, நம்ம சயனைட் மேடு மாதிரியேடி! அவங்க மரம் வெச்சிட்டாங்க, நம்மாளுங்க அப்பிடியே வுட்டுட்டாங்க. உங்கப்பாகூட..."

"மெதுவாம்மா!" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது. பின்னால் மேடம் வந்துகொண்டிருந்தார். "சொல்லிதானே கூட்டிட்டு வந்தேன்?"

அம்மா என்னைப் பார்க்காமல் கைப்பிடியைப் பற்றி ஏற ஆரம்பித்தாள். படிகள் செங்குத்தாக இருந்தன, அம்மாவின் முழங்கால் நல்ல நிலையில் இல்லை. தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன். "நீ படம் போட்டுக்கினு வா, நான் போய்க்கிறேன்" என்றாள். அரசன் தாய்க்கு மலையே கட்டினான், நான் என் தாயை அதே மலையடியில் அதட்டினேன். அப்போது அது உறைக்கவில்லை. எங்கே குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

உச்சியில் எட்டுப் பட்டையாக எழும்பி நிற்கிறது புத்தர் மாடம். மஞ்சளும் பச்சையுமாக மெருகு ஓடுகள், அடுக்கடுக்கான இறவாரங்கள். மரத்தாலான அத்தனை பெரிய எடை எதன் மேல் நிற்கிறது என்று தேடி, இறவாரத்துக்கு அடியில் கோத்துவிட்ட கட்டைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நான் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தேன். திரும்பி வந்தால், அம்மா வெறுங்காலோடு வாசலில் நிற்கிறாள்.

அங்கே யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. ஷூவோடுதான் உள்ளே போகிறார்கள், வருகிறார்கள். ஆனால் புத்தர் இருக்கும் இடத்துக்குச் செருப்போடு போவது அம்மாவால் ஆகாத காரியம். பயணத்துக்கென்று நான் வாங்கிக் கொடுத்த கான்வாஸ் ஷூவைப் படியோரம் ஜோடியாக விட்டுவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டிருக்கிறாள். "நெறைய கை வெச்ச சாமிடி. நம்ம புத்தர் இல்ல. ஆனா மொகம் அதேதான்" என்றாள். ஷூவைக் காணோம். கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பெருக்குகிறவர்கள் எடுத்துப் போயிருக்க வேண்டும். வழிகாட்டிப் பெண் விசாரிக்க ஓடினாள். நாங்கள் கல்திண்டில் உட்கார்ந்து காத்திருந்தோம். மேடம் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் அம்மா ஷூ கழட்டினீங்க? நீங்க புத்தரைக் கும்பிடறவங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "இல்ல மேடம். கோயிலுன்னா கழட்டுறது ஒரு பழக்கம், அவ்ளோதான்."

தன் புத்தரை அவருடைய வாசலிலேயே இல்லை என்று சொல்கிறாள்.

"உங்க மகள் வரைஞ்ச வீடு எனக்கு ரொம்ப இஷ்டம். அந்த வராண்டா! இப்போ யார் கிட்ட இருக்கு அது?"

"வித்துட்டோம் மேடம். ரொம்ப நாளாச்சு." அம்மாவின் குரலில் தடுமாற்றமே இல்லை. "நல்ல காத்து வரும். வெயில் காலத்துல வராண்டாவுலதான் படுப்போம். அந்த மாமரம் காய்ச்சுக் கொட்டும், தெருவுக்கே குடுப்போம். இதுங்கப்பா சாயந்தரம் ஈஸிசேர் போட்டுக்கினு பேப்பர் படிப்பாரு."

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஷிப்ட் முடிந்து வந்தால் குழாயடியில் குளித்துவிட்டு, அந்தத் தகரக் கூரைக்கடியில் இருமிக்கொண்டே கிடப்பார். அதை எங்கள் வீடு என்று சொல்லி வைத்திருப்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை, அவளாகவே புரிந்துகொண்டிருக்கிறாள். ஒரே ஒரு முறை, என் பதினேழு வயதில், பார்த்த படத்தை அம்மா இவ்வளவு வருஷம் கழித்து மரம் மட்டை விடாமல் ஒப்பிக்கிறாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். எனக்காக எத்தனை நாளாக அதைப் பொருத்திப் பொருத்தி வைத்திருந்தாளோ. அவளுடைய கால்கள் கல்தரையில் வெறுமனே கிடந்தன, பெருவிரல் நகம் கறுத்து. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

"மேடம், அது எங்க வீடு இல்ல" என்றேன்.

அவர் திரும்பினார். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. தங்கவயல், லைன் வீடு, பூமிக்கடியில் இறங்கிய அப்பா, சயனைட் மேடு, பஸ் ஜன்னல், புத்தர், எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அழுதேன் என்று நினைக்கிறேன். சக ஊழியர்கள் ஏரியைப் பார்ப்பது போல் நின்றார்கள்.

மேடத்தின் முகத்தில் கோபம் இருந்தது, வருத்தமும் இருந்தது. "இத்தனை வர்ஷம் எல்லார் கிட்டயும் என்னைச் சொல்ல வெச்சீங்களே" என்றார். பிறகு எழுந்து, தன் கைப்பையிலிருந்து ஹோட்டல் துணிச்செருப்பு ஒரு ஜோடியை எடுத்து அம்மாவின் காலடியில் வைத்தார். "ஊருக்குப் போனதும் அந்தப் படத்தைக் கழட்டிடுவேன். அந்த இடத்துக்கு உண்மையான வீடு வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மாவுக்குத்தான் கோபம் தாங்கவில்லை. "அறிவிருக்காடி உனக்கு? நான்தான் சமாளிச்சுக்கினு இருந்தேன்ல? காலையிலதான் பஞ்சசீலம் சொன்னேன், பொய் பேச மாட்டேன்னு. உனக்காவ அதையும் வுட்டேன். இப்ப ரெண்டும் போச்சு!"

"மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு என் தோளைப் பிடித்து எழுந்தாள். படி இறங்கி முடியும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. ஷூ கடைசி வரை கிடைக்கவில்லை.

பெங்களூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, லிங்கராஜபுரத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தாளைப் பரப்பி உட்கார்ந்தேன். கை பழகிய வேலைதான், ஆனாலும் அன்று வெகுநேரம் பிடித்தது. ஒரே அறை. தகரக் கூரையில் காற்றுக்குப் பறக்காமலிருக்க வைத்த கற்கள். அடுப்பு மூலை. அப்பாவின் சட்டை தொங்கும் ஆணி. வாசலில் குழாய், குழாயடியில் குடங்களின் வரிசை. இரண்டு பக்கமும் அதே மாதிரி வீடுகள் ஓடி ஓடி மறைவதை வரைந்தேன். அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"யாரு வூடுடி இது?"

"நம்ம வீடும்மா."

கண்ணாடியை எடுத்துவரப் போனாள். போட்டுக்கொண்டு குனிந்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். ஆணியை விரலால் தொட்டாள். பிறகு கூரைக்கு மேலே நான் வெறுமையாக விட்டிருந்த இடத்தில் அந்த விரலை வைத்தாள்.

"மேடு எங்க? மேட்டை வுட்டுட்டியேடி" என்றாள்.