அப்பாவின் ஆர்பிட்டால்

ஏலக்காயும் நெய்யுமாகக் கேசரி மணக்க ஆரம்பித்தால், யார் வீட்டிலோ "பொண்ணு பாக்க" வந்திருக்கிறார்கள் என்று பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். நான் பதினோராம் வகுப்பில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த வருஷம் அந்த வாசனை எங்கள் வீட்டிலிருந்தே கிளம்பியது. பெங்களூர் மாப்பிள்ளை. அக்காவுக்குப் பிடித்துவிட்டது என்பது அவள் காபி கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. சரியென்று சொல்ல வேண்டிய அப்பாவைத்தான் காணோம். போனையும் சார்ஜரிலேயே விட்டுப் போயிருந்தார். வந்தவர்களோ ராகு காலம் பிறப்பதற்குள் பதில் வேண்டுமென்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குப் பாவு பிணைக்கும் வேலை. எந்தத் தறியில் பழைய பாவு முடிகிறதோ, அங்கே போய்ப் புதுப் பாவின் இழைகளை அதனோடு முறுக்கிச் சேர்ப்பார். எப்போது எந்த வீட்டில் இருப்பார் என்று அம்மாவுக்கே தெரியாது. சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். எங்கும் ஒரே பதில்: "இப்பத்தாம்பா போனாரு."

அந்த வாரம்தான் கெமிஸ்ட்ரி டீச்சர் ஆர்பிட், ஆர்பிட்டால் என்று இரண்டு வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆர்பிட் என்றால் தேர் போகும் வீதி மாதிரி, போட்டுவைத்த பாதை. ஆர்பிட்டாலில் பாதையே கிடையாது. எலக்ட்ரான் பெரும்பாலும் எங்கே தென்படுமோ, அந்த இடம்தான் அது. "அப்ப அது எங்க போச்சுன்னு அதோட பொண்டாட்டிக்கே தெரியாதா மிஸ்?" என்று கேட்டு வகுப்புக்கு வெளியே நின்றேன். நிற்கும்போதுதான் நிஜமான சந்தேகம் வந்தது: நடுவிலிருக்கும் கரு இழுத்துக்கொண்டே இருக்கிறதே, எலக்ட்ரான் ஏன் உள்ளே போய் விழவில்லை?

துரத்துவதை விட்டுவிட்டு, அப்பா அதிகம் தென்படும் தெருமுனை டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் சிரித்தார். "உங்கப்பனா? அப்பத்துலேந்து வந்துக்கினுதான் இருக்காரு. உங்க வூட்டாண்ட நிக்கற காரைப் பாக்கறாரு, திரும்பிப் போறாரு."

சொல்லி முடிப்பதற்குள் அப்பாவே வந்தார். எல்லாரும் காத்திருக்கும்போது இன்னா சுற்றல் இது என்று கேட்டேன். சட்டையில் ஒட்டியிருந்த பட்டிழையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"உள்ள வந்தா சரின்னு சொல்லணுமேடா."

கேலிக்கு வாயெடுத்தேன், வரவில்லை. "அக்காவுக்குப் புடிச்சிருக்குதுப்பா" என்றேன். அப்பா என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடம் எனக்கு அந்த வருஷத்தோடு சரி. டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அப்பாவைத் தேடிப் போகும் வேலையும் எனக்குப் போய்விட்டது. அக்கா பெங்களூரிலிருந்து வரும் நாட்களில், எந்தத் தறிக்காரர் கூப்பிட்டாலும் அப்பா எங்கள் வாசல்படி தாண்டுவதில்லை.

"ரெண்டு நாள் போவட்டும்பா," என்கிறார் போனில், "பொண்ணு வந்திருக்குது."